ஐந்து புள்ளிகள்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் நான் மேனேஜர். டைப்பிங்குக்கு ஆள் தேவைப்பட்டபோது, செக்கிங் டேபிளில் துணி பார்க்கும் செல்வி வந்து கேட்டார். திருநெல்வேலிக்காரர், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். நாள் முழுக்க நின்று கால் வீங்கிவிடுகிறது என்றார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் போகும் கடிதம் ஒன்றைக் கொடுத்து, கம்ப்யூட்டரில் அடிக்கச் சொன்னேன்.

ஒரு பிழைகூட இல்லை. ஏனோ அது எனக்குப் பொறுக்கவில்லை. மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு பாராவின் தொடக்கத்திலும் ஸ்பேஸுக்கு ஒன்றாக ஐந்து புள்ளிகள் வரிசையாக நின்றன.

"ஏனுங்க, பாராவுக்கு எடம் விட ஸ்பேஸ் பாரையா அஞ்சு தட்டு தட்டுனீங்க? மேல ரூலர் எதுக்குங்க இருக்குது?" என்று சிரித்தேன். ஆபீசே சேர்ந்து சிரித்தது.

"டைப் மெஷின்ல அப்படித்தான் சார் படிச்சோம். ஒருக்கா காட்டுங்க, பிடிச்சிக்கிடுதேன்" என்றார் செல்வி.

"இது ஸ்கூல் இல்லீங்க" என்றேன்.

அவர் எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வேலைக்கே வரவில்லை.

திரையின் மேலே ரூலரில் இருக்கும் சின்ன முக்கோணத்தை இழுத்தால் பாராவுக்குத் தானாக இடம் விழும்; அதைக் காட்ட அரை நிமிடம் போதும். நானும் அதே ஹையர் பாஸ்; ஐந்து தட்டுத் தட்டிக்கொண்டு வந்தவன்தான். பக்கத்து சீட்டுக்காரர்தான் யாருக்கும் கேட்காத குரலில் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்.

இது பிறகு நினைவுக்கு வந்ததல்ல. அந்தப் புள்ளிகளைப் பார்த்த கணமே வந்துவிட்டது. அங்கே யாருக்கும் அது தெரிந்துவிடக் கூடாதென்றுதான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தேன்.