யூலினின் வெள்ளைத் தட்டு

மணி நாலேகால். யூலின் குவாஷி ஒரு வெறும் வெள்ளைத் தட்டை ஏந்திக்கொண்டு காஸ்தாரா கடற்கரையில் நடக்கிறாள். நாலடி நடப்பாள், நிற்பாள், தட்டை மணலில் வைப்பாள், குனிந்து பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், எடுத்துக்கொண்டு மறுபடி நடப்பாள். படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கும் எல்ஃபர்டுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன யூலின் அக்கா, பிச்சைக்குக் கிளம்பிட்டியா? தட்டுல ஒண்ணும் விழலையே!"

"வெளிச்சம் விழுதான்னு பாக்குறேன்டா. நீ பூசுற லட்சணத்துக்குப் படகே கண்ண மூடிக்கிட்டு நிக்குது. அதப் பாரு முதல்ல."

வயது அறுபத்தொன்று. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். டொபேகோவுக்கு வந்து நாலு நாள் நன்றாகத் தின்று, தின்பதையெல்லாம் படமும் எடுத்துப் போக வேண்டும் என்கிறவர்களுக்கு, எந்த நாள் எங்கே என்ன என்று திட்டம் போட்டுத் தருவது இப்போது அவள் பிழைப்பு. ஆனால் அவளிடம் காமெரா கிடையாது. வாழ்நாளில் ஒரு படம் எடுத்ததும் கிடையாது. "சமைக்கிறவளே முதல் பந்தியில உக்காரலாமா?" என்பாள்.

திட்டம் எழுதுவது பழைய காலண்டர் தாளின் முதுகில், பென்சிலால். இடப்பக்கம் தின்பது, வலப்பக்கம் வெளிச்சம். மண் அடுப்பு ரொட்டி என்று இருந்தால் எதிரே, 'ஆவிக்குப் பின்னால் இருட்டு வேண்டும், பாதாம் மரத்து நிழலில் நில்' என்று இருக்கும். சேப்பங்கீரைக் கடையலை உச்சி வெயிலில் வைத்தால் பச்சை செத்துப்போகும். அது காலை எட்டரைக்கு, மலைக்கு மேலே சூரியன் தலைகாட்டியதும். நண்டுக் குழம்பும் மாவு உருண்டையும் மாலை நாலரைக்குத்தான். கடல் பக்கம் இறங்குகிற வெயிலில் அந்த மஞ்சள் குழம்பு தங்கம் உருக்கி ஊற்றியது போல நிற்கும்.

தாளில் எழுதாத கணக்கும் ஒன்று உண்டு. ரொட்டி சுடுகிற மெர்ல், யூலினின் பெரியம்மா மகள். நண்டு வைக்கிற வெர்னா, மெர்லின் தம்பி பெண்டாட்டி. இருவருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷம். ஒரே நாளில் இருவரையும் போட்டால் ரொட்டி கருகும், இல்லை குழம்பு கரிக்கும். அதனால் மெர்ல் முதல் நாள், வெர்னா மூன்றாம் நாள். யார் யாருக்கு என்ன முறை, யார் யாருக்கு என்ன மனத்தாங்கல் என்று ஊரே அவள் விரல் நுனியில். இத்தனை வருஷத்தில் அவள் எழுதிக் கொடுத்த தாளில் ஒரு வரி பொய்த்ததில்லை.

பொய்த்துவிடும் போலிருந்தது இந்த முறைதான். டிரினிடாட்டிலிருந்து எட்டுப் பேர், எல்லோரும் காமெராக்காரர்கள். அவர்களுக்குத் தலைவி நாட்ரா என்கிற டீச்சர். அவள் போனில் கேட்டாளே என்று, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே யூலின் எழுதி அனுப்பிவிட்டாள்: 'கரைவலை, சங்கு ஊதும்போது.' மீன் கூட்டம் வந்ததும், கரையில் நின்று வலைக் கயிற்றை இழுக்க ஊரைக் கூப்பிடுகிற சங்கு அது.

"சங்கு எத்தனை மணிக்கு ஊதுவாங்க ஆன்ட்டி?"

"கூழைக்கடாவக் கேட்டுச் சொல்றேம்மா. மீன் எப்ப வரும்னு அதுக்குத்தான் தெரியும்."

வலைக்குச் சம்மாட்டி கத்பர்ட். யூலினின் செத்துப்போன புருஷன் ஹோலிஸுக்குப் பெரியப்பா மகன். அவளுக்கு மச்சான் முறை. போன வருஷம் யாரோ ஒரு விருந்தாளி படம் எடுக்கிற மும்முரத்தில் வலையின் இரண்டு கயிற்றுக்கும் நடுவே தண்ணீரில் இறங்கி நின்றுவிட்டான். அவன் நிழல் விழுந்து பாரை மீன் கூட்டம் மொத்தமும் திரும்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து கத்பர்டுக்குக் காமெராவைக் கண்டாலே ஆகாது.

விஷயம் தெரிந்ததும் அவள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என் வலையத் தாள்ல எழுத நீ யாரு யூலின்?"

"எழுதிட்டேன் மச்சான். தப்புதான். பாதிப் பேரு கயிறு பிடிக்கட்டும், பாதிப் பேரு படம் எடுக்கட்டும். அப்புறம் மாத்திக்கட்டும்."

"கயித்தப் பிடிச்சவனுக்குப் பங்கு. பிடிக்காதவனுக்குக் கரையில என்ன வேலை? உன் ஆளுங்க ரெண்டு கையும் காமெராவுல. தட்டத் தூக்கிட்டு வேற எங்கயாவது போ."

"எழுதின வரிய நான் அழிச்சதில்ல மச்சான்."

"அப்ப நான் அழிக்கிறேன்."

எட்டுப் பேரும் வந்தார்கள். ரொட்டியின் ஆவி கிடைத்தது, கீரையின் பச்சை கிடைத்தது. நாட்ரா தாளைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். யூலின் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை நாலரை. கரையோரம் மேசை போட்டு வெர்னாவின் நண்டுக் குழம்பு எட்டுத் தட்டில் பரிமாறியாயிற்று. வெயில் யூலின் சொன்ன இடத்தில், சொன்னபடி வந்து உட்கார்ந்தது. எட்டுக் காமெராவும் குனிந்தன. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது.

கரையில் ஆள் இல்லை. பக்கத்து ஊர் மோரியாவில் கல்யாணம், ஊரில் பாதிப்பேர் அங்கே. படகு வளைத்து வலையை விட்டாயிற்று, வலையின் மடி நிறைய மீன். கயிற்றில் ஏழே பேர். கத்பர்டின் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. அவர் மேசைப் பக்கத்திலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யூலின் கையிலிருந்த வெறும் தட்டை மணலில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"ஆன்ட்டி, இந்த வெளிச்சம் போயிடுமே!" என்றாள் நாட்ரா.

"போகட்டும்மா. குழம்பு ஆறட்டும். நாளைக்கும் சூரியன் வருவான், இந்த மீன் வராது."

போய்க் கயிற்றைப் பிடித்தாள். நாட்ரா ஒரு நிமிஷம் தட்டையும் பார்த்தாள், கடலையும் பார்த்தாள். பிறகு காமெராவைப் பாதாம் மரக்கிளையில் மாட்டிவிட்டு ஓடினாள். ஒன்றன்பின் ஒன்றாகக் கிளையில் எட்டுக் காமெரா தொங்கின.

"இழுங்கடா! கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நிக்காத, இடுப்பக் குடு!" என்று கத்பர்ட் கத்தியது டிரினிடாட்டுக்காரர்களையும் சேர்த்துத்தான். உள்ளங்கை உரிந்தது, முட்டி வரை ஈர மணல். மடி கரையேறியபோது சூரியன் கடலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தான்.

பங்கு பிரித்தார்கள். எட்டுப் பேருக்கும் எட்டுப் பங்கு. வலை இழுத்ததை யாரும் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. மண்ணும் செதிலுமாக மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யூலின் தன் தாளை எடுத்து, கரைவலை வரியின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு, கோடு போட மனசில்லாமல் இருந்தாள்.

கத்பர்ட் வந்தார். மணலில் கிடந்த வெள்ளைத் தட்டை எடுத்து முழங்கையால் துடைத்தார். பளபளவென்று ஒரு சூரை மீனை அதில் வைத்தார். நாலடி நடந்தார், நின்றார், தட்டை மணலில் வைத்தார், குனிந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். மறுபடி எடுத்து இன்னும் இரண்டடி தள்ளி வைத்தார். பிறகு மரக்கிளையில் தொங்கிய காமெராக்களைப் பார்த்து, எடுங்க என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, தன் நிழல் தட்டின்மேல் விழாமல் ஒதுங்கி நின்றார்.