கஜபதி டீ குடித்த நேரம்

செம்பரம்பாக்கம் ஐஸ்கிரீம் கிடங்கில் கஜபதி வகித்தது தூதர் பதவி. தூதருக்குரிய கார், கொடி, வேலை உத்தரவாதம் ஆகியவை மட்டும் கிடையாது, ஒப்பந்தத் தொழிலாளி.

அங்கே இரண்டு கணினிகள். குளிர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒன்று குறித்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்குள் பலமுறை திறந்தால் மற்றது சைரன் அடிக்க வேண்டும். ஆனால் இரண்டும் வேறு வேறு கம்பெனிச் சரக்கு. ஒன்றுக்கு எழுதிய விதி மற்றதற்கு விளங்காது. எனவே இதில் வருவதைப் பார்த்து அதில் தட்டுவதே கஜபதியின் உத்தியோகம்.

நடுவில் டீக்குப் போவார். திரும்பி வந்து, விட்டுப்போனதை மொத்தமாகத் தட்டுவார். கதவு எப்போது திறந்தது என்று இரண்டாவது கணினி பார்க்காது. செய்தி எப்போது வந்தது என்றுதான் பார்க்கும். அத்தனை திறப்பும் ஒரே நிமிடத்தில் நடந்ததாக நம்பி அலறும். மேலாளர் சம்பந்தம் காதைப் பொத்திக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஐந்து திறப்பு என்றிருந்த வரம்பை நாற்பது ஆக்கினார். அதன்பின் லோடு மிகுந்த நாட்களில் மட்டும், கஜபதி டீ குடித்து வந்ததும் சைரன் அடித்தது. நிர்வாகம் இதைத் தொழில்நுட்பம் என்று அழைத்தது.

பிறகு இரண்டையும் நேரடியாகப் பேசவைக்க ஒரு மென்பொருளோடு அகல்யா வந்தாள்.

"இன்னா மேடம், இது வந்துட்டா நா ஊட்டுக்குப் போயிக்கினே இருக்கணுமா?"

"அப்படில்லாம் இல்லண்ணா. வேற வேலை குடுப்பாங்க," என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அந்த வாரமே கஜபதியின் அடையாள அட்டைக்குக் கேட் திறக்க மறுத்தது.

மென்பொருள் டீ குடிக்காது. ஒவ்வொரு திறப்பையும் அந்தந்த நொடியே அனுப்பியது. பத்து நிமிடத்தில் நாற்பது எங்கே சேரும்? சைரன் வாயே திறக்கவில்லை. லோடு மிகுந்த ஒரு நாளில் கதவு திறந்து திறந்தே ஓர் அறை வெனிலா முழுவதும் பாயசமாகி வாசலைத் தாண்டியது.

செய்தி கேட்டதும் கஜபதி சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

"கூப்ட்டாங்களா, நீயா போயிக்கினு கீறியா?" என்றாள் மனைவி சுலோசனா.

"கூப்புடுவாங்க. நா இல்லாம அதுங்க ரெண்டும் பேசிக்காது."

உண்மையிலேயே கூப்பிட்டார்கள். அகல்யா காரணத்தைக் கண்டுபிடித்திருந்தாள். வரம்பை மறுபடி ஐந்தாக்கலாம். ஆனால் ஏற்றுவதற்கு மேலாளர் போதும், இறக்குவதற்குத் தலைமையகம் சம்மதிக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். செய்திகளைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து மொத்தமாகக் கொட்டும்படி மென்பொருளை மாற்ற யாருடைய சம்மதமும் வேண்டாம்.

"ஒரு நாள் வந்து உக்காருய்யா கஜபதி," என்றார் சம்பந்தம். "நீ எவ்ளோ நேரம் டீ குடிப்பேன்னு அளந்துக்கணும்."

"அளந்துக்குனு, அப்பால சார்?"

"அப்பறம் அதுவே குடிச்சிக்கும்."

நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. அகல்யா கைபேசியில் நேரத்தை ஓடவிட்டாள். கஜபதி கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டை நனைக்கிற அளவுக்கு மட்டும் உறிஞ்சினார். ஏடு படிந்தது, டீ ஆறியது. அவர் தம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

"சீக்கிரம்யா," என்றார் சம்பந்தம்.

"சூடு சார்," என்றார் கஜபதி.