படுக்கத் தெரிந்த பலகைகள்

வெல்டருக்குத் தன் கைவேலை மேல் கொள்ளைப் பெருமை. சோலார் பலகைக்குத் தாங்கி செய்து கொடுக்கும்போதெல்லாம், "உலகமே ஆடினாலும் என் வெல்டு விடாது" என்று மார்தட்டுவார்.

புயல் அவர் பேச்சை அப்படியே காப்பாற்றியது. சுகாதார நிலையத்தின் கூரையில் அவர் பொருத்திய ஆறு பலகைகளும், ஒரு வெல்டுகூட விடாமல், கூரைத் தகடுகளையும் பிய்த்துக்கொண்டு அடுத்த தெருவில் போய் விழுந்தன. கரண்ட் வர ஒன்பது நாள் ஆனது. குளிர்பெட்டியில் இருந்த தடுப்பூசி அத்தனையும் வீண்.

"இந்தச் சோலார் சமாச்சாரமே இனி வேணாம்ண்ணா. டீசல் ஜெனரேட்டர் வாங்கிக்கறோம்" என்றார் நர்ஸ். திட்டியிருந்தால்கூட வெல்டர் தாங்கியிருப்பார். கெட்டுப்போன மருந்தைப் பையில் அள்ளிக்கொண்டே நர்ஸ் அமைதியாகச் சொன்னதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினார். அங்கே அவருடைய சொந்தப் பலகை கீறல்கூட இல்லாமல் கிடந்தது. பலகையை நிமிர்த்திச் சாய்க்கும் பின்னங்கால் மாட்டச் சொல்லி மனைவி ஆறு மாதமாக நச்சரித்தும், ஊர் வேலையே சரியாக இருந்ததால் அதைத் தரையோடு தரையாகக் கட்டிப் போட்டிருந்தார்.

"உங்க வேலையிலயே நீங்க முடிக்காம விட்டதுதான் உருப்படியா இருக்கு" என்றாள் மனைவி.

வேறு நாளாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். அன்று பலகையையே பார்த்தபடி நின்றார். நிமிர்ந்து நின்றதைக் காற்று தூக்கிப் போய்விட்டது. படுத்துக் கிடந்ததை விட்டுவிட்டது. ஆனால் எந்நாளும் படுத்தே கிடந்தால் வெயிலை முழுசாக வாங்காதே.

மறுநாளே கதவுக் கீல்களோடு பட்டறையில் உட்கார்ந்துவிட்டார். முன்காலில் கீல், பின்காலில் உருவி எடுக்கிற ஆணி. ஆணியை உருவினால் பலகை படுத்துவிடும். படுத்ததைக் கூரையோடு கொக்கி போட்டு மாட்டினால் அசையாது.

"ஒரே ஒரு புயல் பொறுத்துப் பாருங்கம்மா. தோத்துட்டா ஜெனரேட்டரை நானே சுமந்துட்டு வரேன்" என்று கெஞ்சிக் கூத்தாடி நர்ஸைச் சம்மதிக்க வைத்து, கூரையில் மறுபடி ஆறு பலகைகளை ஏற்றினார்.

பதினோரு மாதத்தில் அடுத்த புயல் வந்தது. எச்சரிக்கை வந்த மதியமே நர்ஸ் ஏணி போட்டு ஏறி, கால்மணி நேரத்தில் ஆறு பலகைகளையும் படுக்க வைத்தார்.

புயல் கடந்த காலையில் ஊரில் எங்கும் கரண்ட் இல்லை. வெல்டர் சுகாதார நிலையத்துக்கு ஓடினார். கூரை மேல் நர்ஸ் அதற்குள் நிமிர்த்திவிட்ட ஆறு பலகைகளும் வெயில் காய்ந்தன. உள்ளே குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பழைய பெருமை தலைதூக்கியது.

"என் வெல்டு எப்படி நிக்குது பாத்தீங்களாம்மா?"

"அதை யாருண்ணா பாத்தா? கைக்குழந்தையோட ஊசி போட வந்திருக்காங்க, கொஞ்சம் வழி விடுங்க."

குளிர்பெட்டியிலிருந்து தடுப்பூசி வெளியே வருவதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வழிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.