பொட்டு வைத்த ஆம்ப்ளிஃபயர்

பெரம்பலூர் சந்தையில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பாஸ்கர் போன் செய்தான். எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்துகிறவன், கீபோர்டு வாசிப்பவன். எடுத்தவுடன் அடுத்த புரோகிராம் எந்த ஊரில் என்றுதான் ஆரம்பிப்பான். அன்று, "அக்கா, கலியமூர்த்தி அண்ணன் போயிட்டாருக்கா" என்றான். அரியலூரில் தன் வீட்டில் காலை டீயைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் வெங்காயத்தை எடை போட்டு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை.

கலியமூர்த்தி அண்ணன் எங்கள் கிட்டார்காரர். அவர் முகத்தை மறந்தவர்கள்கூட அவருடைய ஆம்ப்ளிஃபயரை மறந்திருக்க மாட்டார்கள். கண்ணாடி வால்வுகள் சூடேறினால்தான் பேசும் பழைய பெட்டி. தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். சுவிட்சைப் போட்டபின் யாரையும் அவசரப்பட விடமாட்டார். "காப்பி ஆறணும், இது காயணும். ரெண்டுக்கும் பொறுத்துதான் ஆவணும்" என்பார்.

ஒரு திருவிழாவில் நான் தாலாட்டுப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டி பொரி வறுப்பதுபோல் பொரிய ஆரம்பித்தது. கூட்டம் சிரித்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார். காய்ந்த வேப்பங்குச்சியால் உள்ளே ஒவ்வொரு பாகமாகத் தட்டித் தட்டி, எங்கே சத்தம் வருகிறதென்று கேட்பார். அப்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "ரெண்டு கையும் உள்ள போனா கரண்டு நெஞ்சு வழியா ஓடிரும், தங்கச்சி" என்று காரணம் சொன்னார். அவ்வளவு பத்திரமாகக் காத்த நெஞ்சுதான் கடைசியில் அவரைக் கைவிட்டது. வால்வை மாற்றினார், ஈயப்பற்றைப் புதிதாக வைத்தார். வீட்டில் பெட்டி நல்ல பிள்ளையாக இருந்தது. மேடை ஏறினால் மறுபடி கரகரத்தது. ஜெனரேட்டர் சரியில்லை என்றார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன் நான். "இருக்கும், இருக்கும்" என்று சிரித்தார்.

பாஸ்கர் சிரிக்கவில்லை. "கிட்டார் சத்தம் கீபோர்டுலயே வந்துருதுண்ணே. அடுத்து வர்ற குன்னம் பக்கத்துத் திருவிழாவுலயும் இப்படின்னா, நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்றான். அந்த ரெஸ்ட்டுக்கு முடிவு கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் மனைவி செல்வி அண்ணி சொன்னார். வீட்டில் இல்லாத எது மேடையில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தாராம். ஜெனரேட்டரை விட்டால் மிச்சம் பனிதான். நம் திருவிழா மேடைகளுக்குக் கூரை ஏது? விடியற்காலையில் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "நான் துண்டு கொண்டாந்து போத்தப் போனேன். தொடாத, அது நனையட்டும்னு கத்துறாரு" என்றார் அண்ணி. நனைந்த பெட்டி கரகரத்தது. கிட்டார் வயரைச் செருகும் துளையில் வேப்பங்குச்சியை விட்டுச் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாகச் சிறு பொருக்கு உதிர்ந்தது.

ஆயுத பூஜையன்று நம் பக்கத்தில் பொட்டுக்குத் தப்புவது எதுவுமில்லை. தையல் மிஷின், பம்புசெட், டிராக்டர் எல்லாம் நெற்றி காட்டும். ஆம்ப்ளிஃபயருக்குப் பொட்டு வைப்பது அண்ணனின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். துளை ஒவ்வொன்றுக்கும் தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் அப்புவார். உள்ளே இறங்கிய சந்தனம் காய்ந்தால் சும்மா இருந்தது, பனி பட்டால் ஊறிக் குழப்பம் செய்தது.

துடைத்துவிட்டு, வால்வு கோளாறு என்று சொல்லியிருக்கலாம்; எங்களில் யாருக்கு என்ன தெரியும்? ஆனால் ஒத்திகைக்கு அந்தப் பொருக்கை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். "ஜெனரேட்டர்காரன வைஞ்சிட்டேன். குத்தவாளி நான்தான்" என்றார். பாஸ்கர்தான் விழுந்து விழுந்து சிரித்தான். குன்னம் பக்கத்து மேடையில் நல்ல பனி. தாலாட்டு தாலாட்டாகவே இருந்தது. ரெஸ்ட் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அவர் இல்லாத முதல் ஆயுத பூஜை இது. "அவரு போயிட்டாருன்னு அத மொட்டையா வச்சிராதீங்க" என்று அண்ணி பெட்டியை எங்கள் ஒத்திகை அறைக்கே அனுப்பிவிட்டார். நான் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தேன். "இருங்கக்கா" என்றான் பாஸ்கர். டேப்பை எடுத்துக் கிழித்து ஒவ்வொரு துளையாக மூடினான். இனி அதில் வயர் செருக எங்களிடம் ஆள் இல்லை. இருந்தும் ஓரம் விடாமல் அழுத்தி ஒட்டினான். பிறகு மேல்பலகையில் தானே பொட்டு வைத்து, சுவிட்சைப் போட்டான். வால்வுகள் சூடேறும்வரை ஒருவரும் அவசரப்படவில்லை. சந்தையில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

அண்ணி எனக்குக் கொடுத்தது அந்த வேப்பங்குச்சியை. அது என் கைப்பையில் இருக்கிறது. மேடையில் பாட்டு பிசகினால், மைக்செட்காரரைத் திட்டுவதற்கு முன் அதை ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன். பல நாள் திட்டாமலே திரும்பிவிடுகிறேன்.