மகள் வேலை பார்க்கும் பத்தொன்பதாம் மாடி

மயிலாடியிலிருந்து சிங்கப்பூருக்குப் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாங்கள் போனது ஊர் பார்க்க அல்ல. எங்கள் மகள் அஜிதா அங்கே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். தக்கலையிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்கு அரசு வேலை, நல்ல குடும்பம். பெண் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்கள் கேட்டது. அஜிதா போனில் பிடி கொடுக்கவில்லை. நேரில் போய்ப் பேசி அழைத்து வருவது என்று நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம்.

வரனைக் கொண்டு வந்தது அவருடைய தங்கை செல்வி. கிளம்புகிற அன்று வாசலில் வந்து நின்றாள்.

“மைனி, ஹோட்டல்ல எச்சித் தட்டு எடுக்கவா அவள இவ்வளவு படிக்க வச்சிய? கையோட கூட்டிட்டு வந்திருங்க. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிஞ்சதும் நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்.”

நாங்கள் அய்யா வழிக்காரர்கள். ஞாயிறு நண்பகலில் எங்கள் நிழல்தாங்கலில் நடக்கிற வழிபாடுதான் உச்சிப்படிப்பு. பையன் வீட்டாரும் அன்று அங்கே வருவதாக ஏற்பாடு.

இனி பயண விவரம். மயிலாடியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கார் வாடகை 3,000 ரூபாய். களியக்காவிளையில் எப்போதும் நெரிசல் என்பதால் மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் போக வர விமானக் கட்டணம் 46,400 ரூபாய். விசாவுக்கு முகவர் கட்டணத்தோடு தலைக்கு 2,800. இது தவிர, போய்ச் சேருவதற்கு மூன்று நாள் முன்பிலிருந்து இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களும் இருக்கின்றன, ஏமாந்துவிடாதீர்கள்.

விமானம் நாலரை மணி நேரம். வியாழக்கிழமை காலையில் இறங்கினோம். டாக்ஸிக்கு முப்பது டாலர் ஆகும் என்றார்கள். ரயிலில் ஆளுக்கு இரண்டு டாலர் சொச்சம்தான். இரண்டு இடத்தில் மாற வேண்டும், ஆனால் எல்லா இடத்திலும் தமிழிலும் எழுதி வைத்திருப்பதால் பயமில்லை. ஒரு சிங்கப்பூர் டாலரை 67 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் ஆற்றை ஒட்டி நிற்கிறது. இருபத்து மூன்று மாடி, வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வேலை செய்பவர்களின் பெற்றோருக்குச் சலுகை உண்டு. வெளியாட்களுக்கு ஓர் இரவு 310 டாலர், எங்களுக்குக் காலைச் சாப்பாட்டோடு 95. இரண்டு இரவுக்கு அஜிதா ஏற்கெனவே கட்டியிருந்தாள். கருநீலக் கோட்டுப் போட்டு, கொண்டை முடிந்து, வரவேற்பறையில் வந்து நின்றவளை எனக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

“எம்மா, டியூட்டி நேரத்துல நான் மக இல்ல, ஸ்டாஃப். என்னப் பாத்தாலும் கூப்பிடாத. நானே வருவேன்,” என்றாள்.

“அப்ப அப்பாவ என்னன்னு கூப்பிடுவ?” என்றார் அவர்.

“சார்னு.”

“அது கொள்ளாம்,” என்று அவர் ரசித்துச் சொன்னார்.

எங்கள் அறை பத்தொன்பதாம் மாடியில். அறை அட்டையை லிஃப்டில் காட்டினால்தான் நம் மாடிக்குப் போகும். பால்கனிக் கதவைத் திறந்தால் ஆறு ஒரு வளைவாகத் தெரியும். அகலம் நம் குழித்துறை ஆற்றைவிட அதிகம் இருக்காது. இரண்டு கரையும் கல் கட்டி, ஓரமாக நடைபாதை. மரப்படகுகளில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிறார்கள். குளிக்கிறவர், துவைக்கிறவர் என்று ஓர் ஆள் இல்லை. அழகுதான், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, அறையில் இருந்த ஆளுயரக் கண்ணாடியின் முன் நின்று அய்யாவை வணங்கினோம். கண்ணாடி முன் நின்று வணங்குவதுதான் எங்கள் வழி, அதைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. விளக்கு ஏற்றவில்லை. புகை பட்டால் மணி அடிக்கும் என்று அஜிதா சொல்லியிருந்தாள். வழிபாட்டுக்கு அவர் உடுத்திய வேட்டியை மற்றத் துணியோடு சேர்க்காமல் அன்றன்றே நானே அலசி வெயிலில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதை அலசிப் பால்கனிக் கம்பியில் விரித்தேன். போர்வையை மடித்து, கட்டிலைச் சரியாக்கி, குளியலறையை ஒரு துண்டால் துடைத்துவிட்டுச் சாப்பிட இறங்கினோம். நம் அழுக்கை இன்னொருத்தி வந்து எடுப்பானேன் என்றுதான்.

திரும்பி வந்து சற்று நேரத்தில் கதவு தட்டினார்கள். காவலாளி ஒருவர், மேலாளர் அம்மா ஒருவர், பக்கத்தில் அஜிதா. கம்பியில் வேட்டி இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

“குட் மார்னிங் சார். குட் மார்னிங் மேடம்,” என்றாள் என் மகள்.

மேலாளர் ஆங்கிலத்தில் கேட்பதை அவள் தமிழில் சொன்னாள். “மேடம், பால்கனியில் துணி காயப்போட்டது நீங்களா?”

“நான்தான்.”

“வேட்டி என்னோடது,” என்றார் அவர். யாரும் அதைக் கேட்கவில்லை.

வேட்டி காற்றில் பறந்து ஐந்தாம் மாடி நீச்சல் குளத்து நாற்காலியில் விழுந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஒருவர் படுத்திருந்தாராம். அந்த ஊரில் உயரத்திலிருந்து எதையும் கீழே விழவிடுவது குற்றம், போலீஸ்வரை போகும். மேலாளர் அஜிதாவிடம் ஏதோ கேட்டார். அவள் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். என் பெற்றோர், பொறுப்பு என்னுடையது என்று சொல்கிற அளவுக்கு அந்த ஆங்கிலம் எனக்குப் புரிந்தது. அதுவரை அந்த அம்மாவுக்கு நாங்கள் யாரென்று தெரியாது. முகம் மாறியது, கோபம் மாறவில்லை.

அவர்கள் போனபின் அஜிதா மட்டும் நின்றாள். நான் சரியாக்கிய கட்டிலைப் பார்த்தாள். ஒரே இழுப்பில் விரிப்பை உருவி எடுத்தாள். முகம் துடைக்கிற துண்டால் நான் குளியலறைத் தரையைத் துடைத்திருந்தேன், அதைத் தனிப் பையில் போட்டாள். அறை சுத்தம் செய்ய வந்து வாசலில் நின்ற பணிப்பெண்ணிடமிருந்து புது விரிப்பை வாங்கி, மெத்தையின் மூலையைத் தூக்கி மடித்துச் செருகினாள். கை நிற்கவே இல்லை. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நாலு மணிக்கு வேலை முடிந்து வந்தாள். ஆற்றோரம் நடந்தோம். கீழே இருந்து பார்த்தால் அந்த ஆறு இன்னும் நன்றாக இருக்கிறது. படகுப் பயணத்துக்குத் தலைக்கு இருபது டாலருக்கு மேல் கேட்டார்கள், நாங்கள் ஏறவில்லை.

“சூப்பர்வைசர்னுதான சொன்ன,” என்றேன்.

“சூப்பர்வைசர்தான். எதுக்குன்னு நீங்க யாரும் கேக்கல்ல.”

“அத்தைக்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?”

“அற சுத்தம் பண்ணுகா, பன்னெண்டு பேர வச்சுப் பண்ணுகான்னு சொல்லு.”

“போலீஸ் வருமா மக்கா?” என்று அவர் கேட்டார்.

“வராதுப்பா. அந்த ஆளு புகார் வேண்டாம்னுட்டாரு. ஆனா என் ஃபைல்ல ஏறும். அடுத்த மாசம் மேல் பதவிக்கு இன்டர்வியூ இருக்கு. அதுல கேப்பாங்க.”

“அது கெடைக்கலேன்னா ஊருக்கு வந்திருவியா?” என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். “எம்மா, அது கெடைக்கப்பிடாதுன்னு அய்யாகிட்ட வேண்டிராத.”

நான் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவள் சொல்லாதிருந்தால் மறுநாள் காலையில் வேண்டியிருப்பேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் வேட்டி அறைக்கு வந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, கண்ணாடித்தாள் உறையில். கூலி வாங்கவில்லை. “நம்ம வீட்டுல இதுக்கு இவ்வளவு மரியாத கெடச்சதில்ல,” என்று அவர் சொன்னார். அந்த நாளில் மூன்று பேரும் சிரித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை நண்பகலில் அறையைக் காலி செய்தோம். லிட்டில் இந்தியா ரயிலில் இரண்டே நிறுத்தம். சைவச் சாப்பாடு பத்து டாலருக்குள் கிடைக்கிறது. அன்றிரவு அஜிதாவின் வாடகை அறையில் படுத்தோம். அவளிடம் கல்யாணப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

ஞாயிறு மாலை விமானம். நிலையத்தில் இருக்கும்போது செல்வி அழைத்தாள். ஊரில் உச்சிப்படிப்பு முடிந்திருந்தது. அவர் போனை என்னிடம் தந்துவிட்டார். தங்கைக்கு என் பேச்சில்தான் நம்பிக்கை.

“மைனி, அவ வாறாளா? இவங்க பக்கத்துலதான் நிக்காங்க.”

“வரல்ல.”

“லீவு கெடைக்கலியா?”

“லீவுக்கு என்ன, வேலைய விடமாட்டா.”

“அப்படி என்ன வேலைன்னு கேக்காங்க.”

“ஹோட்டல்ல அற சுத்தம் பண்ணுக வேல. அதுல மேலாளு.”

செல்வி தாழ்ந்த குரலில், “மெல்லப் பேசுங்க மைனி, போனு ஸ்பீக்கர்ல கெடக்கு,” என்றாள்.

“கெடக்கட்டும்,” என்றேன்.

பையன் வீட்டார் வேறிடம் பார்க்கிறார்கள். செல்வி இப்போது பேசுகிறாள், முன்புபோல் அடிக்கடி இல்லை.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயம். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். அறைக்குள் விளக்கு, சாம்பிராணி கூடாது. குளியலறையிலேயே இழுத்துக் கட்டுகிற கொடி ஒன்று இருக்கிறது, ஈரத்துணிக்கு அது போதும். இருவருக்கும் எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது, மகள் கட்டிய அறை வாடகை நீங்கலாக. பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், முடிந்தால் அவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு நாளாவது இருந்து பாருங்கள். வீட்டில் பேசித் தெரியாதது அங்கே தெரிகிறது.

அஜிதாவுக்கு இன்டர்வியூ வருகிற வியாழக்கிழமை. வேட்டிக் கதையை அவர்கள் கேட்பார்கள், என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறாளாம். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்க வேண்டும் என்றுதான் தினமும் காலையில் வேண்டுகிறேன்.