வெடி நேரத்தில் குழிக்குள் இறங்கியது

பேய், பிசாசு, வேற்றுக்கிரகம் எதையும் நம்புகிறவன் இல்லை நான். குறி சொல்லும் கோடாங்கி வந்தால் தெருமுனையிலேயே விரட்டிவிடுவேன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கவலை இல்லை, என் பக்கத்தில் நின்று பார்த்தவனே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டான், நீங்கள் எம்மாத்திரம்.

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பதினொரு வருஷம் கொடி பிடித்தேன். மத்தியானம் ஒன்றரைக்கு வெடி. முதல் சங்கு ஊதினால் லாரி, பொக்லைன், ஆள் எல்லாம் குழியை விட்டு வெளியேற வேண்டும். இரண்டாவது சங்குக்கு வெடிப்பார்கள். நடுவில் இருக்கிற கால் மணி நேரமும் வண்டிப்பாதையில் சிவப்புக் கொடியோடு நின்று ஆடு, மாடு, பைக் எதையும் உள்ளே விடாமல் மறிப்பதுதான் என் வேலை. முகம் ரோட்டுப் பக்கம், முதுகு குழிப் பக்கம். எல்லாக் கொடிக்காரனும் அப்படித்தான் நிற்பான்.

என்னோடு நின்றவன் செல்வம், என் தங்கை புருஷன். தா.பழூரில் வேலையில்லாமல் கிடந்தவனை, ஃபோர்மேன் காலில் விழாத குறையாகக் கேட்டுச் சேர்த்துவிட்டவன் நான்.

அன்றைக்கு முதல் சங்கு ஊதி ஐந்து நிமிஷம் இருக்கும், நாங்கள் மறித்து வைத்திருந்த ஆடுகள் ஒரே நேரத்தில் கத்துவதை நிறுத்தின. அத்தனையும் குழியையே பார்த்தன. நானும் திரும்பினேன். நம்பினால் நம்புங்கள், கொளுத்துகிற வெயிலில், சுண்ணாம்புத் தூசி நிறத்தில், இரண்டு டிப்பர் லாரி அகலத்துக்கு ஒன்று வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லை, புகையில்லை, இறக்கையில்லை. ஹெலிகாப்டர் என்றால் தூசி பறக்க வேண்டாமா? ஒரு பொட்டுத் தூசி எழும்பவில்லை. கிணற்றில் குடத்தை இறக்குவது போல மெதுவாக வந்து, வெடிமருந்து நிரப்பிய துளைகளுக்குப் பக்கத்தில் நின்றது.

செல்வம் என் கையை நகம் பதியப் பிடித்தான்.

"மச்சான், என்னா மச்சான் அது?"

"தெரியல மாப்ள. உள்ள ஆளு இருந்தா செதறிப்புடுவான்டா."

வாக்கி டாக்கியில் கத்தினேன்: "வெடிக்காதீங்க! குழியில என்னமோ நிக்கிது!" வெடியை நிறுத்திவிட்டார்கள். நான் பேசி முடித்துத் தலையை நிமிர்த்துவதற்குள் அது இல்லை.

ஜீப்பில் மேனேஜரும் ஒரு இன்ஜினியரும் வந்தார்கள். குழி காலி. பார்த்ததைச் சொன்னேன். இன்ஜினியர் சிரித்தார்.

"ராடாருக்குத் தெரியாம, சாட்டிலைட்டுக்குத் தெரியாம, ஒங்க கண்ணுல மட்டும் மாட்டுச்சாக்கும்? என்ன, சுண்ணாம்புக் கல்லு ஏத்த வந்துச்சா?"

மேனேஜர் செல்வத்திடம் திரும்பினார். "நீ பாத்தியாய்யா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்ல சார். நான் ஒண்ணும் பாக்கல. மச்சான் காலையிலேருந்தே ஒரு மாதிரியாதான் இருந்தாரு."

"டேய், நாக்கு அழுவிப் போயிரும்டா!" என்றேன். என்ன பிரயோஜனம். மருந்து நிரப்பிய பிறகு பொய் சொல்லி வெடியை நிறுத்தினேன் என்று அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். டீக்கடையில், "அண்ணே, இன்னிக்கு மேலேருந்து வண்டி எத்தன மணிக்குண்ணே?" என்று கேட்காத நாயில்லை.

அந்த இன்ஜினியருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். ராடார் கிடக்கட்டும். வருகிறவன் எதற்கு ஒளிந்து வர வேண்டும்? நாங்களே சங்கு ஊதி, ஆளை விரட்டி, கொடி பிடித்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம், தினமும், அதே நேரத்தில். தரை அதிர்ந்தால் வெடி என்பார்கள், தூசி எழுந்தால் வெடி என்பார்கள். மீறி ஒருத்தன் திரும்பிப் பார்த்துவிட்டாலும் பயமில்லை, பக்கத்தில் நிற்கிறவன் இல்லை என்று சொன்னால் முடிந்தது.

எட்டு மாதம் செல்வத்தோடு பேசவில்லை. தங்கை மகளுக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்துவார்கள், நான் வர மாட்டேன் என்றதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அவனே வெற்றிலைத் தட்டோடு என் வாசலில் வந்து நின்றான்.

"புள்ளைக்கு நீங்கதான் மடி குடுக்கணும் மச்சான்."

"ஒண்ணும் பாக்காதவன் வூட்டுக்கு நான் எதுக்குடா?"

"பாத்தேன் மச்சான். நீங்க சொன்னதாலதான் இல்லன்னேன்."

"நான் எப்படா சொன்னேன்?"

"ஜீப்பு வரும்போது காதோரமா சொன்னீங்களே. 'என் வேல போனா போவுது, ஒனக்குப் பச்சப்புள்ள இருக்கு, பாக்கலன்னு சொல்லிரு'ன்னு. காலையிலேருந்தே ஒரு மாதிரி இருந்தேன்னும் சொல்லச் சொன்னீங்க. ஒங்க கொரலுதான் மச்சான். புள்ள மேல சத்தியம்."

தட்டைத் தட்டிவிட்டு, வெளியே போடா என்றேன். எட்டு மாதம் யோசித்துக் கட்டிய பொய் என்று பெண்டாட்டியிடம் சொன்னேன். ஊரிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த ஜீப் வரும்போது அந்த வார்த்தைகளை நான் நினைத்தேன். தங்கை முகம் கண்ணில் வந்தது, ஒரு நொடி அப்படியே நினைத்தேன், அடுத்த நொடி, எதற்குப் பொய், இரண்டு பேரும் உள்ளதைச் சொல்லுவோம் என்று மனசை மாற்றிக்கொண்டேன். வாயைத் திறக்கவே இல்லை. இன்று வரைக்கும் அதை நான் எவனிடமும் சொன்னதில்லை.

என் குரலை எடுத்து அவன் காதில் பேசியது எதுவோ எனக்குத் தெரியாது. என் மனசுக்குள் கிடந்ததை எடுத்துச் சொல்லத் தெரிந்த அதற்கு, நான் மாற்றிக்கொண்டதையும் சொல்ல ஏன் மனசு வரவில்லை?