நாத்தனார் வந்த ஞாயிறு

நான் ஒரு மீடியம். இறந்துபோனவர்கள் காட்டுவதைப் பார்த்து, இருப்பவர்களிடம் சொல்கிறவள். இதைச் சொல்ல இப்போது எனக்குக் கூச்சமில்லை. வாரத்தில் ஆறு நாள் ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளர். ஞாயிறு மதியம் மட்டும் இந்த வேலை. இதற்குக் காசு வாங்குவதில்லை. குறி சொல்வதில்லை, பரிகாரம் சொல்வதில்லை, சாமி வந்து ஆடுவதும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பேசுவேன், அவ்வளவுதான்.

அப்பா இறந்த அன்று என் போன் கம்பெனி லாக்கரில் இருந்தது. மெஷின் இருக்கும் இடத்துக்குப் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால், காவேரிப்பட்டினத்திலிருந்து அப்பா மூன்று முறை கூப்பிட்டிருந்தார். அதற்குப் பிறகு தம்பியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மூன்று அழைப்புகளைப் பற்றி என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை.

எனக்கு ரவிக்கை தைக்கும் பெண் கன்னடக்காரி. அத்திப்பள்ளியில் பிறந்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். என் வயதுதான். பெங்களூரில், இறந்தவர்களோடு பேசுவதற்காக வட்டமாக உட்காரும் ஒரு குழுவில் பல வருஷம் இருந்து மீடியமாகப் பழகியவள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்பா போய் ஒரு வருஷம் கழித்து ஒருநாள், அளவு ரவிக்கையை மடித்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுல நாலஞ்சு பேரு சேந்து உக்காருவோம். வர்றியா?" என்றாள். பஜனை என்று நினைத்துப் போனேன்.

தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு ஐந்து நாற்காலி போட்டிருந்தாள். கொஞ்ச நேரம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தோம். பிறகு அவள் என்னைப் பார்த்து, "ஒரு பெரியவரு. போனைக் காதுல வச்சிட்டு நிக்கறாரு. 'வேலையா இருக்கியா, அப்பறமா பண்ணட்டுமா'ன்னு கேக்கறாரு" என்றாள்.

அப்பா ஒவ்வொரு முறையும் அப்படித்தான் ஆரம்பிப்பார். ஹலோ என்றுகூடச் சொல்லமாட்டார். அன்று நான் அழுத அழுகைக்கு அவள் வீட்டு டவல் ஒன்று முழுக்க நனைந்தது. "கோவம் இல்லை அவருக்கு. உன் வேலை அவருக்குத் தெரியும்" என்றாள். அதோடு அந்த லாக்கர் விஷயம் என்னை விட்டுப் போயிற்று. இதை நானும் செய்ய முடியுமா என்று கேட்டேன். "முடியும். ஆனா சும்மா உக்காரக் கத்துக்கணும்" என்றாள்.

சும்மா உட்காருவது அத்தனை கடினம் என்று எனக்குத் தெரியாது. முதல் சில மாதங்கள் கண்ணை மூடினால் நாளைக்கு வரப்போகும் ஆடிட்டும், ஊறவைக்க மறந்த உளுந்தும்தான் வந்தன. எது என் நினைப்பு, எது வெளியிலிருந்து வருவது என்று பிரிக்கத் தெரியவில்லை. மெல்லப் புரிந்தது. என் நினைப்பு என்றால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு தொடர்ச்சி இருக்கும். அவர்களுடையது தனியாக வந்து நிற்கும், அழைக்காத விருந்தாளி மாதிரி.

எங்கள் ஞாயிறு வட்டத்தில், மனைவியை இழந்த ஒரு ஆட்டோக்காரர் இருந்தார். ஒருநாள் அவர் பக்கம் திரும்பியதும், இறுகிப்போன டிபன் பாக்ஸை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு திறக்கிற ஒரு பெண்ணைப் பார்த்தேன். சொன்னேன். அவர் பெரிதாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழுதார். அதுதான் எனக்கு முதலில் சரியாக வந்தது.

தையல்காரி ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தாள். "கேளபேடா, சொல்லு." கேட்காதே, சொல். வந்தவரிடம் கேள்வி கேட்டுப் பதிலைப் பிடுங்கக் கூடாது. தெரிந்ததைச் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அது என் தொழிலோடு ஒத்துப்போனது. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். சரி, தப்பு, தெரியாது. முதல் வருஷம் தப்பு என்ற கட்டம்தான் நிறைந்தது. நான் விடவில்லை. மூன்றாம் வருஷத்தில் சரி என்ற கட்டத்துக்குத் தனிப் பக்கம் தேவைப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் பேரிகைப் பக்கமிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். தோட்டத்தில் சாமந்தி போடுகிற குடும்பம். அவர் உள்ளே வரவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வண்டியோடு நின்றார். அந்த அம்மா மட்டும் வந்து உட்கார்ந்தார். அன்று தையல்காரி என்னைப் பார்த்து, "இன்னிக்கு நீயே பண்ணு" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். தனியாக நான் செய்வது அதுதான் முதல் தடவை.

வருகிறவர்கள் முன்கூட்டியே எதுவும் சொல்லக் கூடாது என்பது வழக்கம். அந்த அம்மா காத்திருக்கவில்லை.

"எம்புள்ள வூட்ட வுட்டுப் போயி ரெண்டு வருசம் ஆவுது. கம்பெனி வேலைய வுட்டத மறைச்சுட்டான்னு அவங்கப்பா கை நீட்டிட்டாரு. அன்னிக்குப் போனவன்தான். இருக்கானா இல்லியா, அத மட்டும் சொல்லிடும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

நான் கண்ணை மூடினேன். ஒரு பையனுக்காகக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அந்த நேரத்தில் ஒரு பையனை நானாக உருவாக்கிக்கொள்வது எத்தனை சுலபம் என்பதும் தெரிந்தது. மெலிந்த உடம்பு, செக் சட்டை, 'அம்மா, கவலைப்படாதே' என்று ஒரு வார்த்தை. அந்த அம்மா நம்பியிருப்பார். ஆனால் அது என் நினைப்பு. முன்னும் பின்னும் தொடர்ச்சியோடு வந்தது.

"பையன் யாரும் வரலம்மா" என்றேன்.

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "அப்ப இருக்கான்! வரலன்னா உசுரோட இருக்கான்னுதான?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. போனவங்க எல்லாரும் கூப்பிட்ட உடனே வர்றதில்ல. வரலங்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

மலர்ந்த முகம் வாடியதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. ஆனாலும் நான் சொன்னது சரிதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அதற்குள் வேறு ஒருவர் வந்து நின்றுவிட்டார். "இன்னொருத்தங்க வந்திருக்காங்க, சொல்லட்டுமா?" என்றேன். அந்த அம்மா தலையசைத்தார்.

"உயரமான பெண். பச்சைப் புடவை."

"பச்சையா? தெரியல. அந்த மாதிரி யாரும் இல்ல."

"இடது கையில சுண்டு விரல் பாதிதான் இருக்கு. சிரிக்கும்போது அந்தக் கையாலயே வாயை மூடிக்கறாங்க."

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாட்டுக்குத் தீனி வெட்டற மெசின்ல போன வெரலு" என்றார். "எங்க நாத்தனாரு. போன வருசம் செத்துட்டா. அவ எதுக்கு வந்தா? நான் கேட்டது எம்புள்ளய!"

"வாசப்படியில நிக்கறாங்க. உள்ள வா, உள்ள வான்னு உங்களக் கூப்பிடறாங்க. அவங்க வீட்டுக்கு."

"போமாட்டேன்" என்றார். "புள்ள போன அன்னிக்கு, நீ குடுத்த செல்லந்தான் இதுன்னு ஊருக்கு முன்னால சொன்னவ. அவ சாவுக்கே நான் போவல." எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்.

பேச்சு வெளியே கேட்டிருக்க வேண்டும். அவர் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவருகே வந்து நின்றார். "எங்கக்காவா?" என்று கேட்டார். "சிரிச்சாளா?"

"சிரிச்சாங்க."

 அவர் அங்கேயே, அந்த வாசலிலேயே, ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார்.

அன்று நோட்டில் பச்சைப் புடவையைத் தப்பு என்ற கட்டத்தில் எழுதினேன். விரலையும் சிரிப்பையும் சரி என்பதில். "நல்லா பண்ண" என்றாள் தையல்காரி. "அந்தம்மா கோவமாப் போறாங்களே" என்றேன். "கோவம் நம்ம மேல அல்ல" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று முதலில் விளங்கவில்லை. கணவர் தினமும் நச்சரித்ததால், சூளகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறார். நாத்தனாருடைய மகள்தான் இப்போது அங்கே இருக்கிறாள். அத்தையைக் கண்டதும் அந்தப் பெண்ணால் அடக்க முடியவில்லை. நாத்தனார் இறந்த சேதி எப்படியோ தெரிந்து, ஓடிப்போன பையன் அன்றே அவளுக்குப் போன் செய்து அழுதிருக்கிறான். அதற்குப் பிறகும் அவ்வப்போது பேசியிருக்கிறான். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்ததால், சாவுக்கு வந்த மாமாவிடம் அவள் வாய் திறக்கவில்லை. அத்தையோ வரவே இல்லை.

பையன் ஹூப்ளியில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். இன்னும் ஊருக்கு வரவில்லை. ஆனால் அம்மாவிடம் பேசுகிறான். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவனுக்கும் தெரியுமாம்.

என் கணவரிடம் இதைச் சொன்னபோது, "அந்தம்மா எப்படியும் ஒருநாள் அங்க போயிருப்பாங்க" என்றார். "போயிருக்கலாம்" என்றேன். "ஒரு வருஷமாப் போகலையே." அவர் சிரித்துக்கொண்டு டிவியைப் பார்க்கத் திரும்பினார். அவரை நம்பவைக்க நான் மெனக்கெடுவதில்லை. அந்தப் பையனை நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன் என்றும் யாரிடமும் சொல்வதில்லை. வந்தவரை வந்தவர் என்று சொன்னேன். வராதவரை வரவில்லை என்று சொன்னேன். இரண்டில் எதைத் தவறவிட்டிருந்தாலும் அந்த அம்மா வேறு எங்கோ போயிருப்பார்.

அன்று போனை வைப்பதற்கு முன் அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார்.

"அவ மறுபடியும் வந்தா, எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லிடும்மா."

"நீங்களே சொல்லலாம்மா. அதுக்கு நான் வேணாம்."

"எங்கிருந்து சொன்னாலும் கேக்குமா?"

"கேக்கும்" என்றேன்.